இரண்டாம் அலகைத் திருப்பிக் கொடுங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

'இந்திய அறிவு மரபுகள்' தாளுக்கான திருத்திய பாடத்திட்டம் சென்ற வாரம் எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. அதில் 'அளவையும் வாதமும்' என்ற இரண்டாம் அலகு முழுவதுமாக நீக்கப்பட்டிருக்கிறது. அளவை என்றால் அறிவு நமக்கு வந்து சேரும் வழி. அந்த இடத்தில் 'முனிவர்களின் உள்ளுணர்வு ஞானம்' என்று புதிதாக ஓர் அலகு. தேர்வும் மாறிவிட்டது. இனி எழுதி விடையளிக்க வேண்டியதில்லை, நான்கில் ஒன்றைக் குறித்தால் போதும். நீக்கியதற்கு இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அளவையியல் மாணவர்களுக்குக் கடினமாக இருக்கிறது என்பது ஒன்று. தர்க்கம் ஏற்கனவே மேலைத் தத்துவத் தாளில் இருக்கிறது என்பது இன்னொன்று.

முதல் காரணத்தைப் பற்றிப் பேசலாம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. இரண்டாவது காரணத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. தர்க்கம் மேலைத் தாளில் இருப்பதால் இந்தியத் தாளுக்கு அது தேவையில்லை என்றால், ஆராய்ந்து அறிவது அவர்கள் வேலை, உள்ளே தோன்றுவதைச் சொல்வது நம் வேலை என்று நீங்களே பாகம் பிரித்துக் கொடுக்கிறீர்கள். இந்தப் பாகப்பிரிவினையை நம் நூல்கள் எதுவும் செய்யவில்லை. ஒருவருக்கு உள்ளே பட்டெனத் தோன்றுவதை அறிவு என்று எப்போது ஏற்கலாம், எப்போது ஏற்கக் கூடாது என்று நம்மவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டைதான் இந்தத் தாளின் உயிர். அதைத்தான் எடுத்துவிட்டீர்கள்.

நான் 17 ஆண்டுகளாகக் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். இந்தத் தாள் வந்த நாளிலிருந்து இரண்டாம் அலகை நான்தான் எடுக்கிறேன். அதனால் வகுப்பறையிலிருந்தே பேசுகிறேன்.

முதல் வகுப்பில் மணிமேகலையை எடுத்துக்கொள்வேன். மாணவர்களுக்கு அவளை அமுதசுரபியோடு தெரியும். வஞ்சி நகரத்தில் ஆண் தவசி வடிவில் போய், ஒவ்வொரு சமயத்தாரிடமும் "உங்கள் கொள்கை என்ன" என்று கேட்டவள் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே அளவைவாதி ஒருவன் பதில் சொல்கிறான். காண்டல் (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உவமம், ஆகமம் என்று தொடங்கி, அறிவு நமக்கு வந்து சேரும் வழிகள் பத்து என்று அடுக்குகிறான். வியாதன் பத்து என்றான், கிருதகோடி எட்டு என்றான், சைமினி ஆறு என்றான் என்று ஆசிரியர்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்கிறான். "உனக்கு என்ன தெரியும்" என்பதற்கு முன்னால் "உனக்கு அது எப்படித் தெரியும்" என்ற கேள்வி வந்துவிடுகிறது.

பிறகு காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குப் பௌத்த அளவையைக் கற்பிக்கிறார். அளவை இரண்டே, காட்சியும் கருத்தளவும். 'இந்த மலையில் நெருப்பு இருக்கிறது' என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. 'புகை இருப்பதால்' என்பது ஏது, அதாவது காரணம். 'அடுக்களையைப் போல' என்பது எடுத்துக்காட்டு. உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என்று இன்னும் இரண்டு சொல்வார்கள், அவை எடுத்துக்காட்டுக்குள்ளேயே அடங்கிவிடும் என்கிறார். இது பௌத்த அறிஞர் திக்நாகர் வழி வந்த அளவை. அந்தத் திக்நாகரே காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்று மரபு சொல்கிறது. அதோடு அடிகள் நிறுத்தவில்லை. வாதம் எங்கெல்லாம் கெட்டுப்போகும் என்றும் எண்ணிக் காட்டுகிறார். பக்கப் போலி 9, ஏதுப் போலி மூன்று வகையில் 14, எடுத்துக்காட்டுப் போலி 10. ஒரு காப்பியத்துக்குள் பிழையான வாதங்களுக்கு இப்படி ஒரு முழுப் பட்டியல் இருக்கிறது என்று தெரிந்ததும் வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நிமிடத்துக்காகவே நான் இந்த அலகை விரும்பி எடுக்கிறேன். மறுநாள் அவரவர் போனில் வந்த வாட்ஸ்அப் செய்திகளைக் கொண்டுவந்து, "இது ஏதுப் போலியா, எடுத்துக்காட்டுப் போலியா" என்று ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்பார்கள்.

சரி, உள்ளுணர்வு? அதை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அதைப் பாடமாக வைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். எப்படி வைப்பது என்பதில்தான் நமக்குள் சிக்கல். ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்தவள், கடற்கரைக் குப்பத்துப் பெண். அவள் அப்பா விடிவதற்கு முன் கரையில் நின்று கடலைப் பார்ப்பார். சில நாள் "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். ஏன் என்று கேட்டால் "மனசுல பட்டுச்சு" என்பார், அதற்கு மேல் ஒரு சொல் வராது. அவள் வகுப்பில் எழுந்து, "எங்கப்பாவுக்குத் தெரியிறது காண்டலா, கருதலா? ரெண்டும் இல்லன்னா அது அறிவே இல்லையா?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பதில் சொல்ல எனக்குப் பர்த்ருஹரி இருந்தார். ஐந்தாம் நூற்றாண்டு இலக்கண அறிஞர். மாணிக்கத்தையும் காசையும் மதிப்பிடுகிறவர்களுக்கு இருக்கும் அறிவு பழக்கத்தால் மட்டுமே வருவது, அதை அடுத்தவருக்கு எடுத்துச் சொல்ல முடியாது, அது அனுமானமும் ஆகாது என்று வாக்கியபதீயத்தில் எழுதியிருக்கிறார். வசந்தம் வந்ததும் குயிலின் குரலை மாற்றுவது யார், பறவைக்குக் கூடு கட்டச் சொல்லிக்கொடுத்தது யார் என்றும் கேட்கிறார். இதற்கெல்லாம் அவர் வைத்த பெயர் பிரதிபை. கெட்டிக்காரர்கள் பாடுபட்டு நிறுவியதை அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் வந்து கவிழ்த்துவிடுவார்கள் என்று தர்க்கத்தின் எல்லையையும் அவர்தான் சுட்டிக்காட்டினார். அப்பாவுக்கு இருப்பது அறிவுதான் என்று சொல்ல ஆள் கிடைத்ததில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

நல்லவேளையாக மற்ற மாணவர்கள் அத்தோடு விடவில்லை. பட்டது தவறாகப் போனால் என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டான். அதற்கும் மரபில் விவாதம் இருந்தது. "நாளை என் அண்ணன் வருவான் என்று என் நெஞ்சு சொல்கிறது" என்கிறாள் ஒரு சிறுமி. வைசேடிகம் என்ற தத்துவப் பள்ளியின் ஆசிரியர் பிரசஸ்தபாதர் தரும் உதாரணம் இது. மறுநாள் அண்ணன் உண்மையாகவே வந்துவிட்டால், அவளுக்கு முதல் நாள் இருந்தது அறிவா? ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் நியாய மஞ்சரி எழுதிய ஜயந்த பட்டர், பிறகு பொய்யாகிப் போகாத அந்த உணர்வை அளவையாக ஏற்பதில் என்ன தடை என்று வாதாடுகிறார். அவருக்கு முன்பே குமாரில பட்டர் எதிர்ப்பக்கம் நின்றுவிட்டார். சாதாரண மக்களுக்குத் தோன்றுவது ஒன்றை உறுதிசெய்யப் போதாது, யோகிகளுக்குத் தோன்றுவதும் அப்படியே என்று கறாராகச் சொன்னவர் அவர். வேதத்தை உயிராக மதித்த மீமாம்சகர் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்பதை உங்கள் புதிய அலகின் தலைப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெண் ஆவணியிலிருந்து கார்த்திகை வரை ஒரு நோட்டுப் போட்டாள். அப்பா என்ன சொன்னார், காற்று சோழகமா, கச்சானா, வாடையா, நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுத்தது, தண்ணீரின் நிறம் என்ன, அன்று கடலுக்குப் போன மற்றவர்கள் திரும்பி வந்து என்ன சொன்னார்கள். தினமும் ஒரு வரி. செமஸ்டர் முடிவில் அதை வகுப்பில் படித்தாள். பெரும்பாலான நாள் அப்பா சொன்னது சரியாக இருந்தது. தவறிய நாட்கள் கொஞ்சம்தான், ஆனால் அவை ஒரே இடத்தில் குவிந்திருந்தன. காற்று வாடைக்குத் திரும்பும் அந்த இரண்டு வாரத்தில். 'மனசுல பட்டுச்சு' என்பதற்குள் எந்தெந்த ஏதுக்கள் ஒளிந்திருக்கின்றன என்று சிலவற்றை அவளால் பெயர் சொல்லிப் பிரிக்க முடிந்தது. சிலவற்றை முடியவில்லை. முடியாததையும் அப்படியே எழுதியிருந்தாள். அப்பாவிடம் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காத்து மாறும்போது எனக்கும் குழப்பமாத்தான் இருக்கும், யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாராம்.

உள்ளுணர்வைப் படிப்பது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். அந்த மனிதரின் அறிவை அவள் குறைத்துப் பேசவில்லை, கும்பிட்டுவிட்டு நகரவும் இல்லை. கூடவே நின்று பார்த்தாள். அதற்கான சொற்களையும் முறையையும் அவளுக்குக் கொடுத்தது நீங்கள் நீக்கிய அந்த அலகு.

இப்போது உங்கள் மாதிரி வினாத்தாளுக்கு வருகிறேன். கேரளக் கணித அறிஞர்கள் முடிவிலித் தொடர்களை எவ்வாறு கண்டனர் என்று ஒரு வினா. விடைக் குறிப்பில் 'உள்ளுணர்வால்' என்று இருக்கிறது. இது தவறான விடை. அந்தக் கேரள மரபைத் தொடங்கிய மாதவர் வழியில் வந்த ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் மலையாளத்தில் எழுதிய நூலின் பெயரே யுக்திபாஷா. யுக்தி என்றால் காரணம் காட்டுவது. தொடர்கள் எப்படிக் கிடைக்கின்றன என்பதை அந்த நூல் படிப்படியாக நிறுவிக் காட்டுகிறது. அதே மரபைச் சேர்ந்த நீலகண்டர் ஜ்யோதிர்மீமாம்சையில் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். தெய்வத்தின் அருள் புத்தியைத் தெளிவாக்கும், அவ்வளவுதான். பிரம்மாவோ சூரியனோ நேரில் வந்து யாருக்கும் பாடம் சொல்லித் தருவதில்லை என்பது அவர் நிலை. அவருக்கு முன்னோடியான பரமேசுவரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைப் பார்த்துக் குறித்துவைத்து, கணக்கைத் திருத்தி, 1431-இல் திருக்கணிதம் என்ற கணக்குமுறையைத் தந்தவர். அவ்வளவு ஆண்டு உழைப்பை 'உள்ளுணர்வு' என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டால், அவர்களைப் புகழ்வதாக நினைத்து அவமதிக்கிறோம்.

அடுத்த வினா ராமானுஜனைப் பற்றியது. அவர் கண்டவையும் உள்ளுணர்வால் வந்தவை என்பதே அதன் போக்கு. குலதெய்வமான நாமகிரித் தாயார் மீது அவருக்கு இருந்த பக்தி உண்மை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் காகிதம் வாங்க வசதியில்லாமல் ஸ்லேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதியவர் அவர் என்பதும் உண்மை. வழிமுறை நம் கண்ணில் படவில்லை, அதற்காக வழிமுறையே இல்லை என்று ஆகாது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களைப் பற்றி அவர் சொன்னவை சரியாக இல்லை. அதே கடிதத்தின் மற்ற சூத்திரங்கள் ஹார்டியைத் திகைக்க வைத்தன. அவ்வளவு பெரிய உள்ளுணர்வுக்கும் நிரூபணம் ஏன் வேண்டியிருந்தது என்று மாணவர்களை யோசிக்க வைக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. நீங்கள் அதை நான்கு விடைகளில் ஒன்றாக ஆக்கியிருக்கிறீர்கள்.

எனக்கு இது வெறும் பாடச் சண்டை இல்லை. என் அத்தைக்கு வயிற்று வலி வந்தபோது, முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவதாகச் சொன்ன ஒருவரிடம் வீட்டார் கூட்டிப்போனார்கள். பரம்பரை ஞானம் என்றார். கை பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் பேச்சை நம்பி ஏழு மாதம் போனது. உண்மையான நோய் தெரிந்தபோது செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. பிறகுதான் நான் சித்த மருத்துவ நூல்களை எடுத்துப் பார்த்தேன். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்க்கச் சொல்கிறது அந்த மரபு. மூத்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அது பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாகப் பரவினால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்று பார்க்கும் நெய்க்குறி அதில் ஒன்று. இன்றைய மருத்துவம் அதை எப்படி மதிப்பிடும் என்பது வேறு விஷயம். ஒரு குறியை மட்டும் நம்பாதே, இன்னொன்றோடு ஒத்துப்பார் என்ற எச்சரிக்கை அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. அத்தையைப் பார்த்தவர் எட்டில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. அந்த எட்டைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் கேள்வி கேட்டிருப்போம். கேள்வி கேட்கக் கூடாது என்று அந்த மரபு சொல்லவே இல்லை. சொன்னது அந்த மனிதர்.

முனிவர்களின் ஞானம், அதனால் உண்மை என்று ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தால், அவர்கள் இப்படிப்பட்டவர் முன்னால் வாயடைத்துத்தான் உட்காருவார்கள். எனக்கு இருக்கும் பயம் அது.

கடினம் என்ற காரணத்துக்கு வருகிறேன். ஆமாம், கடினம்தான். மணிமேகலையின் 27, 29-ஆம் காதைகள் யாருக்கும் எளிதாக வழிவிட்டதில்லை. 1898-இல் அந்த நூலைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரே பௌத்தப் பகுதிகள் புரியாமல், கும்பகோணம் கல்லூரியில் உடன் வேலை பார்த்த ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெளிந்தார். அவர் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மீதியை அச்சிடவில்லை. நமக்குத் தமிழிலேயே வேறு படிகளும் இருக்கின்றன. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழில் தந்திருக்கிறார். தர்க்கம் தொடங்குகிறவர்களுக்காகவே எழுதப்பட்ட சிறு நூல் அது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அருணந்தி சிவாசாரியார் மற்றவர்கள் சொல்லும் அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிவிட்டு, காண்டலுக்குள் வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என்று நான்கு வைக்கிறார். யோகக்காட்சியை ஏற்கும் சைவர்தான் கருதலுக்கும் இடம் கொடுத்து, போலிகளையும் விளக்குகிறார். உள்ளுணர்வையும் ஆராய்ச்சியையும் ஒரே பாயில் உட்காரவைத்த நூல் நம் கையிலேயே இருக்கும்போது, ஒன்றை எழுப்பி வெளியே அனுப்புவதற்கு என்ன அவசியம் வந்தது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தாளை நடத்தும் ஆசிரியர்களில் எனக்குத் தெரிந்த ஒருவரிடமும் இந்த மாற்றத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எதிர்ப்பக்கத்தை முதலில் சரியாக எடுத்துவைத்துவிட்டுத்தான் தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும் என்பது நம் சாத்திரங்களின் பழக்கம். பூர்வபட்சம் என்று அதற்குப் பெயரே உண்டு. எங்கள் பூர்வபட்சத்தை நீங்கள் கேட்கவே இல்லை.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் 'அளவையும் வாதமும்' அலகைத் திரும்பச் சேர்க்க வேண்டும். புதிய அலகை எடுக்கச் சொல்லவில்லை. இரண்டையும் இணைத்து 'உள்ளுணர்வும் அளவையும்' என்று ஆக்குங்கள். பர்த்ருஹரிக்கு எதிரே குமாரிலரும், ஜயந்தருக்குப் பக்கத்தில் அறவண அடிகளும் அதில் இருக்கட்டும்.

கேரளக் கணிதம், ராமானுஜன் பற்றிய இரண்டு மாதிரி வினாக்களையும் உடனே திரும்பப் பெற்று, திருத்தத்தை எல்லா இணைப்புக் கல்லூரிகளுக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டும். பிழையான விடைக் குறிப்பை வைத்து இந்த செமஸ்டரிலேயே பயிற்சித் தேர்வுகள் தொடங்கிவிடும். அதனால் இதற்கு மட்டும் கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாது.

தேர்வில் பாதி மதிப்பெண்ணாவது எழுத்துக்கு ஒதுக்க வேண்டும். ஒரு கூற்றைக் கொடுத்து, அதன் பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்ன, எதிராளி என்ன சொல்வார், அது எந்தப் போலியில் விழுகிறது என்று மாணவர் எழுதட்டும். மீதிப் பாதி ஒரு மதிப்பெண் வினாக்களாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, கைப்பழக்கத்தால் அறிவு பெற்ற ஒருவரோடு ஒரு செமஸ்டர் கூட இருந்து எழுதும் குறிப்பேட்டுக்குத் தாருங்கள். தச்சர், மருத்துவச்சி, மீனவர், விவசாயி யாராக இருந்தாலும் சரி.

மூல நூல்களிலிருந்து தமிழில் ஒரு தொகுப்பு வேண்டும். தமிழ், சமஸ்கிருதம், தத்துவம், கணிதம், சித்த மருத்துவம் ஆகிய துறைகளின் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு விடுமுறைக்குள் முடித்துவிடலாம். மதிப்பூதியம் இல்லாமல் என் பங்கைச் செய்து தருகிறேன்.

இந்த மாற்றத்தை முடிவு செய்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வெளியிட வேண்டும். இந்த மடலுக்கு 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

குழு அடுத்து கூடும் தேதியைச் சொன்னால் நேரில் வருகிறேன். அந்த மாணவியிடமும் பேசிவிட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சம்மதித்திருக்கிறாள். அவளுக்கு ஒரு பதினைந்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
இந்தத் தாளை நடத்தும் ஒரு தத்துவ ஆசிரியர்